காகிதத்தில் நாலு பேர்

1

இந்தக் கதை என் சமையலறைக் குழாயில் தண்ணீர் வராததால் பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்கு மழையிலும் ரயில் பயணத்திலும் கதை தோன்றுமாம். எனக்குக் கிடைத்தது குழாய் ரிப்பேர்.

வந்தவர் மேஜர். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மோட்டார், லிப்ட், மொட்டைமாடித் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. பெண்ணோடு எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்; ஆனால் பாதி நாள் மொட்டைமாடியில், போனில்தான் பிடிக்க முடியும். உண்மையில் அவர் மேஜர் இல்லை. சாதாரணச் சிப்பாயாகப் போய், சட்டைக் கையில் இரண்டு பட்டையோடு திரும்பி வந்தவர். மேஜராகப் பதவி உயர்வு கொடுத்தது எங்கள் கட்டடத்துச் செயலாளர். லிப்டைப் பழுது பார்க்க மேஜரே வருகிறார் என்றால் நமக்கும் ஒரு கௌரவம்தானே.

குழாயைச் சரிசெய்து முடித்ததும் பிஸ்கட் கொடுத்தேன். இரண்டு எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு வைக்கப் போனபோது தட்டின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டார். "போதும் மேடம்." ஆறு வருடமாக அதே கை. எங்கள் வீட்டு விசேஷங்களிலும் இரண்டாம் தடவை கரண்டி பக்கத்தில் வந்தால் அந்தக் கை வந்து மூடிவிடும். ராணுவ ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

"உங்க நாவல் எல்லாத்தையும் என் பொண்ணு படிக்கும். நானும் படிப்பேன்," என்றார். "அதுல எல்லாரும் நல்லா சாப்பிடறாங்க மேடம்."

உண்மை. முப்பத்தொரு குடும்ப நாவல் எழுதியிருக்கிறேன். என் கதாநாயகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.

"எங்கிட்டயும் ஒரு சாப்பாட்டுக் கதை இருக்கு. எழுதிக் குடுப்பீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

"அப்படி என்ன அவசரம்?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். 'பார்க்க' என்பது சும்மா. பெண் கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள். பையன் அதே கட்டடத்தில் மருந்து கொடுக்கிறவன். இருவரும் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல் வேறு. பையனுடைய குடும்பம் அந்த ஊர்க்காரர்கள். எந்த ஊர் என்றால், மேஜர் இருபத்திரண்டு வருடம் முன்னால் துப்பாக்கியோடு தெருத் தெருவாக நடந்தாரே, அந்த ஊர். கலவரம் முடிந்த பிறகு அங்கே இருக்க முடியாமல் கிளம்பி வந்தவர்கள். பெண்ணின் அப்பா ராணுவத்தில் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கே இருந்தார் என்பது தெரியாது.

"பொண்ணு சொல்லுது, 'அவங்க கேட்டா சொல்லிடுப்பா. கேக்காட்டியும் சொல்லிடு. ஒளிச்சு வச்சுக் கல்யாணம் பண்ணிக்க என்னால முடியாது'ன்னு. சரி, சொல்றேன். ஆனா அந்த ஊர்ல நான் செஞ்ச ஒரே நல்ல காரியத்தையும் சேத்துச் சொல்லணும்ல? நான் சொன்னா உளறிடுவேன். நீங்க எழுதினா நல்லாருக்கும். கேக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும். அதே சமயம் சாப்பாடு ஆறதுக்குள்ள முடியணும்."

இவ்வளவு தெளிவான நிபந்தனைகளை எந்தப் பதிப்பாளரும் எனக்குத் தந்ததில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பீரங்கிகள் ஓய்ந்திருந்த அந்த மதிய வேளையில், கதவோரம் பாதி மறைந்து நின்ற அவளுடைய கரிய விழிகள் அவனை"

[நிறுத்தம். மேஜருக்கு போன் செய்தேன்.

"அந்த வீட்ல வயசுப் பொண்ணு யாராவது?"

"இருந்துச்சு மேடம். ஆறு வயசு."

"அதுக்கு மேல?"

"அதோட அம்மா. கல்யாணம் ஆனவங்க. பக்கத்துலயே வீட்டுக்காரர் நின்னாரு."

"சரி. பீரங்கி?"

"பீரங்கியா! எங்ககிட்ட ஒரு வண்டி இருந்துச்சு. அதுவும் தள்ளிவிட்டாத்தான் கிளம்பும்."]

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"ஆவி பறக்கும் தட்டை அவள் அவன் முன் வைத்தாள். அதில்"

[அதில் என்ன? மறுபடியும் போன். "என்ன சாப்பாடுன்னு ஞாபகம் இல்ல மேடம். சூடா இருந்துச்சு."

"காரமா, புளிப்பா, ஏதாவது?"

"சூடா இருந்துச்சு மேடம். ரெண்டு மாசமா டப்பா சாப்பாடு. வேற எதுவும் தெரியல."

பதினோராம் அத்தியாயத்தில் கதாநாயகி செய்த பலகாரத்துக்குச் செய்முறை கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிற வாசகிகளே, மன்னியுங்கள். இந்தக் கதையில் சாப்பாடு சூடாக இருந்தது. அவ்வளவுதான்.]

தொடக்கம், மூன்றாம் முயற்சி என் வீட்டுக்காரருடையது. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சிவப்புப் பேனாவோடு காத்திருக்கும் என் முதல் வாசகர். "நடந்ததை நடந்த வரிசைல எழுது," என்றார். "வழிமுறை சரியா இருந்தாலே பாதி மார்க்கு." முப்பது வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிகக் காதலான வாக்கியம் இது என்பதால் எடுத்துக்கொள்கிறேன்.

3

நடந்த வரிசை.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று முகாமில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்த காகிதம். அதில் இருப்பதற்கு ஒரு ஆள் கூடினாலும், ஒளிந்திருப்பவனுக்கு இடம் கொடுத்ததாகக் கணக்கு. கூடின ஆள் வண்டியில் ஏற்றப்படுவான். ஏறியவர்களில் திரும்பி வந்தவர்களை மேஜர் பார்த்ததில்லை.

சோதனைக்குப் போவது சாப்பாட்டு நேரத்தில். அதிகாரி அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். "அலமாரியத் தொறக்காத, கட்டிலத் தூக்காத. நேரா உள்ள போய்த் தட்ட எண்ணு."

(மேஜரை இனி 'சிப்பாய்' என்று எழுதுகிறேன். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. மேஜராக இன்னும் பதினாறு வருடமும் ஒரு கட்டடச் செயலாளரும் தேவைப்பட்டன.)

தெருவின் கடைசி வீடு, தையல்காரர் வீடு. அதிகாரி எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். சிப்பாய் தனியாக உள்ளே போனான். கதவுக் காகிதத்தில் நாலு பேர்: தையல்காரர், அவர் மனைவி, அவர் அப்பா, ஆறு வயதுப் பெண். முன்னறையில் தையல் மெஷின். ஊசிக்கு அடியில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை. உள்ளறையில் தரையில் விரிப்பு போட்டுச் சாப்பிட உட்காரும் நேரம். நாலு பேரும் கண்ணெதிரே இருந்தார்கள்.

விரிப்பில் ஐந்து தட்டு.

வேறொன்றுமில்லை, கைப்பழக்கம். எத்தனை மாதமாக ஒளித்து வைத்திருந்தார்களோ, சோதனை அன்றைக்கு வரும் என்று தெரியாமல் அந்த அம்மாள் தினமும் போடுகிற மாதிரி ஐந்தைப் போட்டுவிட்டாள். வாய் நாலு என்று சொல்லப் பழகியிருந்தது. கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சிப்பாய் எண்ணினான். எண்ணுவதை நாலு பேரும் பார்த்தார்கள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னப் பெண் எழுந்து ஐந்தாவது தட்டைக் கையில் எடுத்தது. எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அம்மாள் தட்டை அதன் கையிலிருந்து வாங்கினாள். விரிப்பின் ஓரத்தில், சிப்பாயின் பூட்ஸுக்கு நேரே வைத்தாள்.

"உனக்குத்தாம்ப்பா. உக்காரு, சாப்பிடு."

வெளியாட்கள் கொடுக்கும் தண்ணீரைக்கூடக் குடிக்கக் கூடாது என்பது உத்தரவு. சிப்பாய் உட்கார்ந்தான். சாப்பிட்டான்.

வெளியே வந்ததும் அதிகாரி கேட்டார். "எத்தனை பேர்?"

"நாலு, சார்."

"எத்தனை தட்டு?"

"நாலு. என்னோட சேத்து அஞ்சு."

"வாயத் துடைடா, மடையா."

உத்தரவை மீறிச் சாப்பிட்டதற்காக ஒரு வாரம் முகாமில் எல்லோருடைய தட்டையும் கழுவினான். ஒரு நாளைக்கு நூற்று இருபது தட்டு. பிறகு ஒரு தடவை அந்தத் தெரு வழியாகப் போனபோது வீடு பூட்டியிருந்தது. காகிதம் மட்டும் அப்படியே இருந்தது, நாலு என்று.

இதுதான் மேஜர் சொன்னது. எழுதி முடித்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர். சாப்பாடு ஆறுவதற்குள் படித்தும் விடலாம். ஒரு ஆளின் உயிர், ஒரு தாயின் சமயோசிதம், ஒரு இளைஞனின் மனசு, ஒரு வாரத் தட்டு. கதை முடிந்தது.

கதை முடிந்திருந்தால் நான்காம் பகுதி இருக்காது.

4

குடும்ப நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. யார் சாப்பிட்டார்கள் என்று கை எழுதும்போதே, யார் சாப்பிடவில்லை என்று மனசு பார்த்துக்கொள்ளும். மருமகள் கடைசியில் பாத்திரத்தை வழித்தாளா இல்லையா என்பதிலேயே நான் எட்டு நாவலை ஓட்டியிருக்கிறேன்.

அதனால் புதன்கிழமை சாயங்காலம், பிரதியைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் அந்த விரிப்பை விட்டு எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே ஒருவர் இருக்கிறார். ஆணா பெண்ணா தெரியாது; அந்த அம்மாளின் தம்பி என்று வைத்துக்கொள்வேன். (நான் எதற்கும் ஒரு உறவுமுறை வைத்துவிடுவேன், அது ஒரு வியாதி.) மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பசி. வெளியே பூட்ஸ் சத்தம். பிறகு சாப்பிடும் சத்தம். அவன் சோறு. அதை வேறொரு வாய் மெல்லுகிறது.

மேஜர் அவன் உயிரைக் காப்பாற்றினார். சரி. அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டும்தான் காப்பாற்றினார். இதை அந்த ஊர்க்காரர்கள் முன்னால், அதுவும் சாப்பாட்டு மேசையில் சொன்னால் அவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பார்கள்? விரிப்பின் பக்கமா, சுவரின் பக்கமா?

இன்னொரு சந்தேகமும் வந்தது. மறுபடி போன்.

"மேஜர், அவங்க பாஷை உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு அட்டை குடுத்திருந்தாங்க மேடம். ஏழு வார்த்தை. நில்லு, கையத் தூக்கு, கதவத் தொற, எத்தனை பேரு, பொய் சொல்லாத, தண்ணி, நன்றி."

"சாப்பிடுன்னு இல்லையா?"

"அது எதுக்கு மேடம் ராணுவத்துக்கு?"

ஆக, 'உனக்குத்தாம்ப்பா, உக்காரு, சாப்பிடு' என்பது என் கைவேலை. அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று மேஜருக்கே தெரியாது. 'சாப்பிட்டுட்டுத் தொலை' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அம்மா மாதிரி," என்றார். எல்லோருடைய அம்மாவும் 'சாப்பிட்டுட்டுத் தொலை' என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதால் இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை.

சிவப்புப் பேனா ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது: 'சாப்பிடும்போது துப்பாக்கி எங்கே?'

கேட்டேன். "மடியில," என்றார் மேஜர்.

என் முப்பத்தொரு நாவலில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள் உண்டு. அதைவிடக் கனமாக எதையும் வைத்துக்கொண்டு யாரும் சாப்பிட்டதில்லை. விருந்து என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டிருக்கிறேன். அந்த இடம் இதுதான்: அன்று அவர்கள் அவனுக்குக் கொடுத்தது ________.

5

வியாழக்கிழமை முழுக்க முடிவுகள் யோசித்தேன். மூன்று தேறின.

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கூடவே பையனின் தாய்மாமன். மேஜர் கதையைச் சொல்லச் சொல்ல, தாய்மாமனின் கை சாப்பாட்டில் அப்படியே நிற்கிறது. 'அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தவன் நான்தான்!' கட்டிப்பிடித்தல். மஞ்சள் வெயில். முற்றும்.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "அந்த ஊர்ல எத்தனை பேர்?" என்றார்.

"நாலு லட்சமாம்."

"ஒளிஞ்சிருந்தவன் ஒருத்தன். நாலு லட்சத்துல ஒண்ணு." பேனாவை மூடினார். "நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். உன் நாவல்ல மாசத்துக்கு ஒரு தரம் நடக்குது."

முடிவு ஆ: மேஜர் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்டு, சிரித்து, தேதி குறிக்கிறார்கள். பெண் பாத்திரம் கழுவும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இது நல்ல முடிவு, விமர்சகர்களுக்குப் பிடிக்கும். எனக்கு அந்தப் பெண்ணை ஆறு வருடமாகத் தெரியும் என்பதால் எழுத மனசு வரவில்லை.

முடிவு இ: மேஜர் சொல்கிறார். பையனின் அம்மா தட்டிலிருந்து கையை எடுத்து, எழுந்து

[எழுந்து என்ன செய்தாள்? கை கழுவப் போனாளா, வாசலுக்குப் போனாளா? கழுவும் இடமும் வாசலும் ஒரே பக்கம்தான். இந்த வாக்கியத்தை இரண்டு நாளாக இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.]

6

சனிக்கிழமை காலை மேஜர் வந்தார். பெண்ணும் கூட வந்தாள். அவர் குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, அப்பாவ ஹீரோவா ஆக்கிட்டீங்களா?" என்றாள் பெண்.

"முயற்சி பண்ணினேன்டா. பாதியில வழுக்கிடுச்சு."

"அப்பவே சொன்னேன்ப்பா. ஆன்ட்டி நாவல்ல ஹீரோவுக்கு நெத்தியில முடி விழணும். உனக்கு விழறதுக்கு ஏதாவது இருக்கா?"

"சும்மா இரு. படிங்க மேடம்."

படித்தேன். மூன்றாம் பகுதி முடிந்ததும் பெண் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான்காம் பகுதியை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த ஒரே நல்ல காரியம். அதைத் திருப்பிப் போட்டு, பார்த்தீர்களா, இங்கே ஒரு ஓட்டை என்று காட்ட நான் யார்? ஆனால் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு அளவு பார்க்கிறவள். பக்கம் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவாள். படித்தேன்.

சுவர், பசி, மெல்லும் சத்தம்.

மேஜர் சொன்னார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு இடம் விட்டுப்போச்சு."

"எது?"

"நான் சொல்லல. அதான் விட்டுப்போச்சு." என்றார். "நான் ரெண்டாவது தரமும் வாங்கிச் சாப்பிட்டேன் மேடம்."

தரையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"தட்டு காலியானதும் அந்தம்மா கரண்டிய எடுத்துட்டு வந்தாங்க. இன்னும் கொஞ்சம் போடவான்னு கேக்கற மாதிரி நின்னாங்க. அது அட்டையில இல்லாத வார்த்தைதான், ஆனா எனக்குப் புரிஞ்சுது. போதும்னு கையக் காட்டியிருக்கலாம். அதுக்கு பாஷை தேவையில்ல. பாத்திரத்துல கரண்டி அடியத் தொட்டுச்சு. சுரண்டற சத்தம். கேட்டுச்சு மேடம். அதுக்கப்புறம் உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் தட்ட நீட்டினேன்."

"ஏம்ப்பா?" என்றாள் பெண், மெதுவாக.

"பசிச்சுதும்மா."

அவள் முழங்கையை விடவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

"முதல் தட்டு அந்த ஆளுக்காகச் சாப்பிட்டேன்னு யார்கிட்ட வேணா சொல்லலாம்," என்றார். "ரெண்டாவது எனக்காக. அதுல யாரையும் காப்பாத்தல. நீங்க எழுதினதக் கேட்டப்ப, மேடம் மோப்பம் பிடிச்சு இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, மிச்சத்த ஏன் ஒளிச்சு வைக்கணும்னு தோணுச்சு."

"அப்பா இத நூறு தடவ சொல்லியிருக்கு ஆன்ட்டி," என்றாள் பெண். "இந்த இடம் ஒரு தடவகூட வந்ததில்ல." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வருமா?"

மேஜர் என் பேனாவை வாங்கி, பிரதியில் மூன்றாம் பகுதியைத் தேடி, 'சாப்பிட்டான்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பம்ப் செட் பதிவேட்டில் எழுதுகிற அதே பெரிய எழுத்தில் 'இரண்டு தரம்' என்று எழுதினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

(ஆறு வருடமாக அந்த உள்ளங்கையை ராணுவ ஒழுங்கு என்று நினைத்திருந்தேனே. மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கிற எழுத்தாளர் என்று என் புத்தகப் பின்னட்டையில் போட்டிருக்கிறது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.)

7

ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டே கால். பெண் வந்து கதவைத் தட்டினாள். கையில் மாவு, நெற்றியில் வேர்வை.

"ஆன்ட்டி, ஒரு தட்டு வேணும். அவங்க நாலு பேர், நாங்க ரெண்டு பேர். எங்க வீட்டுல அஞ்சுதான் இருக்கு."

ஐந்து. இதை நான் ஜோடிக்கவில்லை. என் நாவலில் இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனா கிழித்திருக்கும். அவளும் சொன்ன பிறகுதான் கவனித்தாள் போலிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"மூணு தரம் சட்டை மாத்திட்டாரு. ஒவ்வொரு தரமும் அந்தத் தாள எடுத்துப் புது சட்டையில வைக்கறாரு."

இரண்டு தட்டு எடுத்துக் கொடுத்தேன். "ஒண்ணு போதும் ஆன்ட்டி." "இருக்கட்டும். காகிதத்துல நாலுன்னு சொன்னாலும் கூட யாராவது வருவாங்க." சிரித்துவிட்டு ஓடினாள்.

வந்தவர்களைப் படிக்கட்டில் பார்த்தேன். பையன், அவன் அப்பா, அம்மா, அத்தை. சரியாக நாலு பேர். தாய்மாமன் இல்லை, கணக்கு வாத்தியார் ஜெயித்தார். பையனின் அம்மா படியேறிய மூச்சிரைப்போடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூடத்தில் விருந்தாளியாக உட்காருகிற முகம் இல்லை, சமையலறையில் பார்க்கிற முகம். அந்தத் தையல்காரர் மனைவிக்கு இப்போது இந்த வயதுதான் இருக்கும். இதற்கு மேல் அந்த ஒற்றுமையை நான் இழுக்க மாட்டேன்.

நான் இப்போது என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேஜர் வீடு. நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. தட்டுச் சத்தம் கேட்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்போதும் சத்தம் மட்டும்தான் கிடைக்கிறது. முப்பத்தொரு நாவலுக்கும் முடிவு எழுதியிருக்கிறேன். இதற்கு எழுத மாட்டேன். அது அவருடைய வாயில் இருக்கிறது, என் கையில் இல்லை.

தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன். பரிமாறிக்கொண்டே இருக்கும் பெண்ணைப் பையனின் அம்மா நிச்சயம் உட்காரச் சொல்வாள். "நீயும் உக்காரும்மா, நான் போடறேன்," என்று கரண்டியை வாங்கிக்கொள்வாள். அப்படிப்பட்ட முகம். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மேஜரிடம் வருவாள். அவர் தட்டு காலியாக இருக்கும். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் இருக்கும். அவள் குனிந்து, அந்த ஊரின் பேச்சு வாடை இன்னும் போகாத குரலில், "இன்னும் கொஞ்சம்?" என்பாள்.

கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. உள்ளங்கை மேசைக்கு மேலே வந்துவிட்டது. தட்டை மூடுமா, தாளை எடுக்கச் சட்டைப் பைக்குப் போகுமா என்று நான் பார்க்கப் போவதில்லை. நீங்கள் பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சீக்கிரம். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.